பழைய பாணி .32 பிஸ்டல் சிக்காமல் ஓட வேண்டுமானால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணுவத்தில் 22 வருடம் ஆர்மரர் வேலை, அதாவது ஆயுதங்களைப் பழுதுபார்த்துப் பராமரிக்கும் வேலை பார்த்தேன். ஓய்வுக்குப் பிறகு லைசென்ஸ் உள்ள ஓர் ஆயுதக் கடையில் பட்டறை வேலை. வீடு தண்டையார்பேட்டை. அதனால் என்னைத் தேடி வருபவர்களில் பாதிப் பேர் வடசென்னைக்காரர்கள்: வண்ணாரப்பேட்டை நகைக்கடைக்காரர், காசிமேட்டில் மீன் ஏற்றுமதி செய்பவர், மணலியில் லாரி வைத்திருப்பவர், பெரம்பூரில் அப்பா விட்டுப்போன துப்பாக்கியோடு நிற்கும் மகன். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்காக மட்டுமே இது.

எந்தத் துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

.32 ஏ.சி.பி. தோட்டா போடும் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல்கள். 7.65 மி.மீ. என்று சொல்வதும் இதைத்தான். நம் ஊரில் 9 மி.மீ. தடை செய்யப்பட்ட 'போர்' (துப்பாக்கிக் குழாயின் உள்விட்டம்) என்பதால், பிஸ்டல் லைசென்ஸ் வாங்கியவர்களில் பெரும்பாலானோர் கையில் இருப்பது .32. கோல்ட் 1903, எஃப்.என். 1910, வெப்லி அண்ட் ஸ்காட், வால்தர் பிபி போன்ற பழைய வெளிநாட்டு உருப்படிகள் ஒரு வகை. 1980களின் நடுவில் தனியாருக்கான இறக்குமதி நின்றுபோனதால் அவற்றுக்கு இன்னும் மவுசு. நம் அரசுத் தொழிற்சாலைகள் செய்யும் .32 பிஸ்டல் இன்னொரு வகை. செய்தது புதிதாக இருந்தாலும் வேலை செய்யும் விதம் பழையதுதான். தோட்டாவை ஜான் பிரவுனிங் 1899இல் பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்துக்காக வடிவமைத்தார். இந்தத் துப்பாக்கிகளில் பேரலும் (குண்டு பாயும் குழாய்), அதன் மேல் முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளாது. ஸ்லைடின் எடையும், அதைத் திரும்ப முன்னால் தள்ளும் முன் ஸ்பிரிங்கின் விசையும் மட்டும்தான் தோட்டா வெடிக்கும் அழுத்தத்தைத் தாங்குகின்றன. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்வது பாதி புரிந்துவிடும்.

"ஜாம் ஆகுது சார்." என்ன செய்யலாம்?

முதலில் எப்படி ஜாம் ஆகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். "வயிறு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் டாக்டர் என்ன மருந்து கொடுப்பார்? அதே கதைதான் இது.

புதுத் தோட்டா மூக்கைக் கீழே குத்திக்கொண்டு சேம்பருக்குள் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) ஏறாமல் நின்றால், தோட்டாக்களை அடுக்கும் மேகசினைச் சந்தேகப்படுங்கள். சுட்ட தோட்டாவின் கூடு ஸ்லைடின் ஜன்னலில் புகைபோக்கி மாதிரி செங்குத்தாக நின்றால், ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகவில்லை. கெட்டியான கிரீஸ், அளவுக்கு மீறிய ஸ்பிரிங், பலமில்லாத தோட்டா, தளர்வான பிடி இவற்றில் ஒன்று காரணம். ஸ்லைடு கடைசி இரண்டு மூன்று மில்லி மூடாமல் நின்றால் சேம்பர் அழுக்கு, இல்லாவிட்டால் முன் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது. டிரிகர் இழுத்தும் 'டிக்' என்று சத்தம் மட்டும் வந்தால், தோட்டாவைப் பின்னாலிருந்து குத்தி வெடிக்கவைக்கும் ஊசியான ஃபயரிங் பின் ஓடும் துளையில் பழைய எண்ணெய் பிசின் மாதிரி உறைந்திருக்கும். பத்தில் ஏழு எட்டு தடவை நான் கண்டது இதைத்தான்.

ஒரு சின்ன நோட்டு வையுங்கள். தேதி, எந்த மேகசின், எந்தத் தோட்டா, எத்தனையாவது தோட்டாவில் சிக்கியது. நாலு வரி போதும். அந்த நோட்டோடு வருபவருக்கு நான் அரை மணி நேரத்தில் பதில் சொல்லிவிடுவேன். நோட்டு இல்லாமல் வருபவரின் துப்பாக்கியை இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

மேகசினால் இவ்வளவு தொல்லை வருமா?

வரும். ரேஞ்சில் (சுடும் பயிற்சி மைதானத்தில்) துப்பாக்கி சிக்கியது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது மேகசினைத்தான், துப்பாக்கியை அப்புறம்தான் வாங்குவேன்.

திருவொற்றியூரிலிருந்து ஒருவர் எஃப்.என். 1910 கொண்டுவந்தார். அவருடைய தாத்தா வாங்கியது. "ஒரு நாள் அருமையா ஓடுது, ஒரு நாள் மூணு தோட்டாவுக்கு ஒரு தடவை நிக்குது" என்றார். இரண்டு மேகசின் வைத்திருந்தார், பார்க்க ஒரே மாதிரி. அடித்தட்டில் நெயில் பாலிஷால் ஒன்றுக்கு ஒரு புள்ளி, மற்றதற்கு இரண்டு புள்ளி வைத்தேன். ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுவிட்டு வந்தார். சிக்கியது முழுக்க இரண்டு புள்ளியில். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தோட்டாவைப் பிடித்திருக்கும் மேல் உதடுகளில் இடது பக்க உதடு ஒரு மயிரிழை அளவு வெளியே விரிந்திருந்தது. எப்போதோ தரையில் விழுந்திருக்கிறது. அந்தப் பக்கம் தோட்டா கொஞ்சம் அதிகமாக எழும்பி, மூக்கு கோணலாகப் போய் முட்டியிருக்கிறது. துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. அதைத் தெரிந்துகொள்ளுமுன் அவர் வேறொருவரிடம் ஸ்பிரிங் மாற்றக் காசு கொடுத்திருந்தார்.

நீங்களே பார்க்கக்கூடியவை இவை. காலி மேகசினில், தோட்டாக்களை மேலே தள்ளும் உள்தட்டை விரலால் கீழே அழுத்தி விடுங்கள். தயங்காமல், சாயாமல் மேலே வர வேண்டும். நடுவில் நின்றால் உள்ளே துரு, இல்லையென்றால் பக்கச் சுவரில் நசுங்கல். அடித்தட்டு கழலும் வகையாக இருந்தால் கழற்றி, ஸ்பிரிங் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று படம் எடுத்துக்கொண்டு, உள்ளே துடைத்துக் காயவையுங்கள். உள்ளே எண்ணெய் ஊற்ற வேண்டாம். எண்ணெய் தூசியைப் பிடிக்கும், தோட்டாவின் பின்பக்கத்தில் குத்துபட்டதும் தீப்பற்றும் கேப்புக்குள்ளும் இறங்கும். உதட்டை மட்டும் குறடு வைத்து வளைக்காதீர்கள். ஒரு தடவை வளைத்தால் அளவு போய்விடும், இரண்டாம் தடவை விரிசல் விடும்.

தோட்டா போட்டே வைத்திருந்தால் மேகசின் ஸ்பிரிங் சோர்ந்துவிடுமா என்று கேட்பார்கள். நல்ல ஸ்பிரிங் அழுத்தியே இருப்பதால் அவ்வளவாகக் கெடாது. அழுந்தி விரிந்து, அழுந்தி விரிந்து ஓடுவதில்தான் தேயும். துரு பிடித்தால் இன்னும் சீக்கிரம்.

தோட்டா ஒன்றோடொன்று கொக்கி போட்டு நிற்கிறது. ஏன்?

.32க்கே உரிய வியாதி இது. இந்தத் தோட்டா பாதி ரிம் உள்ளது. உடம்பின் அடிப்பாகம் சுமார் 8.5 மி.மீ. என்றால் பின்னால் உள்ள ரிம் சுமார் 9.1 மி.மீ. சுற்றிலும் கால் மில்லிக்குச் சற்று அதிகமான அந்த விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. மேலே உள்ள தோட்டாவின் ரிம், கீழே உள்ளதன் ரிம்முக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டால், மேலே உள்ளது முன்னால் நகரும்போது கீழே உள்ளதில் மாட்டிக்கொள்ளும். அப்புறம் தட்டினாலும் வராது, மேகசினைக் கழற்றிப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

தோட்டா போடும்போது ஒவ்வொன்றின் ரிம்மும் அதன் கீழே உள்ளதற்கு முன்னால் இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். முழு நீளம் சுமார் 25 மி.மீ. உள்ள, மூக்கு உருண்டையான, முழுக்கச் செம்பு உறை போட்ட தோட்டாவே இந்தத் துப்பாக்கிகளுக்கு ஏற்றது. மூக்கில் குழி வைத்த குட்டைத் தோட்டா மேகசினுக்குள் முன்னும் பின்னும் நகர இடம் விடும். ரிம் மாட்டுவது அந்த இடைவெளியால்தான்.

கெட்டியான ஸ்பிரிங் போட்டால் நன்றாக ஓடுமா?

நிறையப் பேர் நம்புவது இது, எனக்கு வருத்தம் தருவதும் இதுதான். முன் ஸ்பிரிங்குக்கு இரண்டு வேலை. ஸ்லைடு பின்னால் போகும்போது வேகத்தைக் குறைப்பது ஒன்று, முன்னால் வரும்போது அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய் மூடுவது இன்னொன்று. அளவுக்கு மீறிக் கெட்டியானால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாது, கூடு ஜன்னலில் நிற்கும். சோர்ந்ததாக இருந்தால் ஸ்லைடு பின்னால் போய் ஃபிரேமில் அடித்து அடித்து, வருடக்கணக்கில் அந்த இடத்தில் விரிசல் விட்டுவிடும். நூறு வருடம் பழைய உலோகத்துக்கு இரண்டாவது ஆபத்து பெரியது. எனவே அந்த மாடலுக்குரிய அளவில் புது ஸ்பிரிங் போடுவது நல்லது, அதற்கு மேல் போகக் கூடாது. பழைய ஸ்பிரிங்கையும் புதியதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீளத்தில் கண்ணுக்கே தெரியும் வித்தியாசம் இருந்தால் பழையதற்கு ஓய்வு கொடுக்கலாம். வெப்லியில் சுருள் ஸ்பிரிங் கிடையாது, கிரிப்புக்குள் 'வி' வடிவத் தகடு ஸ்பிரிங். அதை வீட்டில் கழற்ற முயல வேண்டாம்.

கடல் பக்கம் வீடு. துரு பிடித்துக்கொண்டே இருக்கிறது.

காசிமேடு, ராயபுரம், எண்ணூர் பக்கம் ஜன்னல் கம்பியைப் பாருங்கள், பெயின்ட் அடித்த ஆறே மாதத்தில் உப்புப் பூத்திருக்கும். அதே காற்றுதான் உங்கள் பீரோவுக்குள்ளும் போகிறது. கறுப்பாகப் பளபளக்கும் அந்தப் புளூயிங் பெயின்ட் அல்ல. இரும்பின் மேல் கட்டுப்படுத்தி வரவைத்த ஒரு வகை ஆக்சைடு அது. எண்ணெய் இல்லாவிட்டால் துருவை அது தடுக்காது. வடசென்னையில் இந்தத் துப்பாக்கிகளுக்கு வயதைவிட உப்புதான் பெரிய எதிரி. இது என் அனுபவம், இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் கிடையாது.

தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதப்படுத்திய உப்பும் அதில் இருக்கும். உறையிலிருந்து வந்த துப்பாக்கிகளில் ஸ்லைடின் வலது பக்கம் முழுக்க ஊசி குத்தியது மாதிரி குழிகள் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், தோலின் தையல் கோடு உலோகத்தில் அப்படியே பதிந்திருக்கும். கையில் எடுத்து யாருக்காவது காட்டினாலும் திரும்ப வைக்குமுன் எண்ணெய்த் துணியால் துடையுங்கள். வியர்வை ரேகை ஒரே ராத்திரியில் பழுப்பாகிவிடும். பூட்டும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள், நிறம் மாறினால் மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் வாரம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. மற்ற மாதங்களில் மாதம் ஒருமுறை போதும்.

தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், டபிள்யூடி-40: எது?

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நாளாக ஆக ஒட்டும் பசையாகிவிடும். ஃபயரிங் பின் துளையில் நான் சுரண்டி எடுத்த பிசினில் எத்தனையோ முறை அந்த வாசனையை முகர்ந்திருக்கிறேன். டபிள்யூடி-40 ஈரத்தை வெளியேற்ற நல்லது, அதையே எண்ணெயாக நம்பக் கூடாது. தையல் மெஷின் எண்ணெய் அவசரத்துக்குச் சரி, ஆனால் சீக்கிரம் காய்ந்துவிடும். கடையில் கிடைக்கும் துப்பாக்கி எண்ணெய் ஒரு புட்டி வாங்கினால் வருடக்கணக்கில் வரும். ஸ்லைடு ஓடும் இரண்டு தடங்களிலும் பேரலின் வெளிப்பக்கத்திலும் மெல்லிய பூச்சு, விரலில் தொட்டால் பிசுபிசுப்பு தெரிந்தால் போதும். ஃபயரிங் பின் துளையும் சேம்பரும் உலர்வாகவே இருக்கட்டும். பிராசோ போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், புளூயிங் போய்விடும்.

கழற்றித் துடைக்குமுன் என்ன பார்க்க வேண்டும்?

மேகசினை முதலில் எடுங்கள். அப்புறம் ஸ்லைடை இழுத்துத் திறந்து, சேம்பருக்குள் கண்ணால் பாருங்கள், சுண்டு விரலை விட்டும் பாருங்கள். மூடுங்கள், இன்னொரு தடவை அதையே செய்யுங்கள்.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்த வகைத் துப்பாக்கியில் சுட்ட கூட்டை வெளியே தள்ளுவது பெரும்பாலும் வெடிப்பின் அழுத்தமே. அதனால் தோட்டாவின் ரிம்மைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி உடைந்திருந்தாலும் ரேஞ்சில் சுடும்போது ஒழுங்காக ஓடும், யாருக்கும் குறை தெரியாது. ஆனால் சுடாத தோட்டாவைக் கையால் இழுத்து வெளியே எடுக்க அந்தக் கொக்கி மட்டும்தான் உதவும். கொக்கி தேய்ந்திருந்தால் நீங்கள் ஸ்லைடை இழுப்பீர்கள், தோட்டா வராது, காலி என்று நினைத்துக்கொள்வீர்கள், அது உள்ளேயே இருக்கும். டம்மி தோட்டா வைத்துக் கையால் பத்துத் தடவை இழுத்துப் பாருங்கள். ஒரு தடவை தவறினாலும் கடைக்குக் கொண்டு வாருங்கள்.

எங்கள் தெருவிலேயே நல்ல லேத் பட்டறை இருக்கிறது. ஃபயரிங் பின் ஒன்று கடைந்து வாங்கிக்கொள்ளலாமா?

கூடாது. நம் பக்கத்து லேத்காரர்களின் கை நேர்த்தி எனக்குத் தெரியும், ரயில்வேக்கும் துறைமுகத்துக்கும் வேலை செய்து பழகிய கைகள். ஆனால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கியின் பாகமும் ஆயுதம்தான். 5ஆவது பிரிவு, லைசென்ஸ் இல்லாமல் செய்வதையும் பழுதுபார்ப்பதையும் சோதிப்பதையும் தடுக்கிறது. உங்களுக்கு இருப்பது வைத்துக்கொள்ளும் லைசென்ஸ். துடைப்பது, எண்ணெய் போடுவது உங்கள் வேலை. உலோகத்தைத் தொடும் வேலை பழுதுபார்க்கும் லைசென்ஸ் உள்ளவருடையது. தெரியாமல் உதவி செய்யும் அந்தப் பட்டறைக்காரரும் உங்களோடு சேர்ந்து மாட்டிக்கொள்வார்.

தோட்டா ஏறும் சரிவை எமரி பேப்பர் போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டாம். கோணம் மாறினால் திரும்ப வராது.

லைசென்ஸில் .32 என்று இருக்கிறது. எந்த .32 தோட்டாவும் போடலாமா?

.32 ரிவால்வர் தோட்டா வேறு, .32 பிஸ்டல் தோட்டா வேறு. ரிவால்வருடையது நீளமானது, முழு ரிம் உள்ளது. பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். தோட்டாவின் பின்பக்கம் 'கே.எஃப்.' என்று இருந்தால் அது கட்கி தொழிற்சாலையுடையது.

பச்சை படிந்த தோட்டா, நசுங்கியது, ஒரே தோட்டாவைப் பலமுறை சேம்பருக்குள் ஏற்றி இறக்கியதால் மூக்கு உள்ளே அமுங்கியது, இவற்றைச் சுட வேண்டாம். வாங்கிய கடையிலேயே கேட்டு முறையாக ஒப்படையுங்கள். ரேஞ்சில் 'டிக்' என்று நின்றால் துப்பாக்கியைக் குறியை நோக்கியே பிடித்துக்கொண்டு முப்பது விநாடி காத்திருங்கள், சில நேரம் தாமதித்து வெடிக்கும். வெடித்த சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால் அடுத்ததைச் சுடவே கூடாது. புல்லட் பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம்.

வெள்ளத்தில் நனைந்துவிட்டது. என்ன செய்வது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு இந்தக் கேள்வி நிறைய வந்தது. எண்ணூர்ப் பக்கம் கொசஸ்தலை ஆற்று வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது. ஒருவர், எண்ணெய்தானே, துரு பிடிக்காது என்று அப்படியே துணியில் சுற்றி வைத்துவிட்டார். பத்து நாள் கழித்துக் கொண்டுவந்தபோது ஸ்லைடு நகரவில்லை. அந்த எண்ணெய்க்கு அடியில் சேறும் உப்பு நீரும் இருந்தன.

காலி என்று உறுதி செய்த பிறகு, அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசுங்கள். பயப்பட வேண்டாம், சேற்றைவிட நல்ல தண்ணீர் மேல். மர கிரிப்பைத் தனியே கழற்றி நிழலில் காயவையுங்கள். ஈரம் முழுக்கப் போகும்வரை ஃபேன் காற்றில் வைத்து, மண்ணெண்ணெய் வகைக் கரைப்பானால் துடைத்து, பிறகு எண்ணெய். கரைப்பானோடு நிறுத்திவிட்டால் இரண்டு நாளில் துரு வரும். அப்புறம் கடைக்குக் கொண்டு வாருங்கள், உள்ளே பார்க்க வேண்டியது நிறைய இருக்கும். நனைந்த தோட்டாவை மறந்துவிடுங்கள், வெயிலில் காயவைத்துப் பயன்படுத்த நினைக்காதீர்கள்.

அப்பா காலமாகிவிட்டார். அவருடைய பிஸ்டல் இருபது வருடமாகச் சுடாமல் இருக்கிறது.

முதலில் காகிதம், அப்புறம்தான் துப்பாக்கி. அப்பாவின் லைசென்ஸ் உங்களுக்குச் செல்லாது. போலீசுக்குத் தகவல் கொடுத்து, நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, வாரிசு என்ற முறையில் விண்ணப்பியுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்து வருடத்துக்குச் செல்லும், ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது.

உங்கள் பெயருக்கு வந்த பிறகும் நேராக ரேஞ்சுக்குப் போக வேண்டாம். உள்ளே உறைந்த எண்ணெய், சோர்ந்த ஸ்பிரிங், தேய்ந்த சேஃப்டி எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்து வாங்குங்கள். சேஃப்டி மேல் முழு நம்பிக்கை வைத்து சேம்பரில் தோட்டா ஏற்றி எடுத்துச் செல்வது இந்தக் காலத்துத் துப்பாக்கிகளுக்கானது. உங்கள் தாத்தா காலத்துத் துப்பாக்கி கீழே விழுந்தால் வெடிக்காது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

எத்தனை தோட்டா சிக்காமல் ஓடினால் நம்பலாம்?

தோட்டா விலை எனக்கும் தெரியும். நீங்கள் வழக்கமாகப் போடும் அதே தோட்டாவில், ஒவ்வொரு மேகசினுக்கும் ஐம்பது என்பது என் கணக்கு. ஒரே நாளில் சுட வேண்டாம், மூன்று நான்கு முறை ரேஞ்சுக்குப் போகும்போது பிரித்துக்கொள்ளலாம். இடையில் எதையாவது மாற்றினால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மேகசினும் ஸ்பிரிங்கும் தோட்டாவும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, சரியாகிவிட்டது என்று வருபவருக்கு எது சரி செய்தது என்று தெரியாது. அடுத்த முறை சிக்கும்போது மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். மொட்டை மாடியில் சோதித்துப் பார்ப்பது குற்றம், அதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் கேட்டிருக்கிறார்கள்.

தேர்தலுக்குக் காவல் நிலையத்தில் கொடுத்து வாங்கினால் துருவோடு வருகிறது.

தேர்தல் அறிவித்தால் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். அங்கே யாரும் தினம் எடுத்துத் துடைத்துக்கொண்டிருக்க முடியாது, அதனால் நீங்கள் கொடுக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு முறை ஒரு கோல்ட் 1903 இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது, தோல் உறையோடு துணிப் பையில் கொடுத்திருக்கிறார்கள். புளூயிங் போன இடம் கை அகலம் இருந்தது. பார்த்தபோது எனக்கே நெஞ்சு கனத்தது.

கொடுப்பதற்கு முந்தின நாள் நன்றாகத் துடைத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாக எண்ணெய் பூசுங்கள், பேரலின் உள்ளேயும். எண்ணெய் தடவிய காகிதத்தில் சுற்றி, சிலிக்கா ஜெல் போட்டு, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். உறை வீட்டிலேயே இருக்கட்டும். மேகசின் எத்தனை, தோட்டா எத்தனை, துப்பாக்கி எண் என்ன என்று எல்லாம் ரசீதில் இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். திரும்ப வாங்கும்போது எண்ணைச் சரிபாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பீரோவில் வைத்துவிடாமல், காலி என்று பார்த்து, கழற்றி, பேரலில் இருக்கும் அதிகப்படி எண்ணெயை உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். அந்த எண்ணெயோடு சுடக் கூடாது.